எந்தச் சூடு மலிவு?

டென்மார்க்கிலே ஒருவரிடம் உமக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் கதவைச் சாத்துவார். வீட்டைச் சூடாக்க எவ்வளவு காசு முடிகிறது என்று கேட்டால் உள்ளே கூப்பிட்டு, கோப்பி ஊற்றி, பழைய பில்லுகளை எல்லாம் மேசையிலே பரப்புவார். இந்த ஒரு சங்கதி தெரிந்தால் போதும், என்னுடைய தொழிலை நீங்களும் செய்யலாம்.

நீங்களும் என்னைப்போல இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு குளிர்காலப் பில்லைத் திறக்கிற ஆள்தானே? அப்படியென்றால் கிட்ட வந்து இருங்கள். தெருவைக் கிண்டிச் சூட்டுக் குழாய் தாழ்க்கிற வேலையிலே முதுகைத் தேய்த்துப் பென்சன் எடுத்தவன் நான். தூரத்திலே ஒரு பெரிய கொதிகலனில் தண்ணீரைக் காய்ச்சி, நிலத்துக்கு அடியாலே வீடு வீடாக அனுப்புகிறார்களே, அந்தக் குழாய். பென்சன் எடுத்த பிறகும் அந்தக் குழாயை நடத்துகிற கூட்டுறவுக்காரர் கூப்பிட்டு ஒரு சின்ன வேலை தந்தார்கள். விபோர்க்குக்கும் ஸ்கீவவுக்கும் இடையிலே ஒரு கிராமம். பெயர் வேண்டாம், கோபிப்பார்கள். அங்கே ஒவ்வொரு வீடாகப் போய், இப்போதைய சூட்டுக்கு எவ்வளவு முடிகிறது, குழாய் வந்தால் எவ்வளவு முடியும் என்று எழுதிக் காட்டவேண்டும். விருப்பமென்றால் கையெழுத்து வாங்கவேண்டும். பாதி வீடுகள் சேர்ந்தால் குழாய் வரும். ஒரு வீடு குறைந்தாலும் பக்கத்து ஊரோடு நின்றுவிடும்.

டேனிஷ்காரர் பேசினதையும் எங்கடை தமிழிலேயே தருகிறேன். அவர்கள் பருத்தித்துறையிலே பிறந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார்கள், சத்தியம்.

கீழறைக் கிழம்

முதல் வீடு கீர்ஸ்டன் அம்மாவின் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாங்கி வைத்த எண்ணெய்க் கொதிகலன் மட்டும் கீழறையிலே இருமிக்கொண்டு கிடக்கிறது. அதைக் கீர்ஸ்டன் எனக்குக் காட்டினார். அது என்னைவிட வயதில் மூத்தது, ஆனால் என்னைவிடக் குறைவாகத்தான் முனகியது. பார்க்க வந்த மெக்கானிக், இந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிக்கும், அடுத்த குளிருக்கு என்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டாராம். புதிதாக, மின்சாரத்திலே ஓடுகிற வெப்பப் பம்பு பூட்டலாம் என்றால் கையிலே அவ்வளவு காசு இல்லை. இந்த வயதிலே, இந்தக் கிராமத்து வீட்டுக்குக் கடன் இல்லை என்று வங்கியிலே மிக மரியாதையாகச் சிரித்தார்களாம். குழாய்க்கு அவ்வளவு முதல் தேவையில்லை; ஆகவே அது வந்தால் கீர்ஸ்டன் இந்த வீட்டிலே இருப்பார். வராவிட்டால் வந்த விலைக்கு விற்றுவிட்டு விபோர்க்கிலே ஒரு சின்ன பிளாட்டுக்குப் போவார்.

இதை எல்லாம் அவர் இன்றைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். மற்ற அறைகளைப் பூட்டிவிட்டு, சமைக்கிற குசினியிலே மட்டும் சூடு வைத்துச் சீவிக்கிறார். ஆனால் மேசையிலே விரிப்பு, கிளாசிலே பூ, மெழுகுதிரி எல்லாம் இருக்கிறது. இரண்டு கோப்பைகளும் இருந்தன. இரண்டாவது எனக்காக்கும் என்று கையை நீட்டினேன்; அது பக்கத்து வீட்டு ஸ்வென்னுக்காம், மூன்று மணிக் கோப்பிக்கு நாள்தோறும் வருவாராம். எனக்கு வேறு கோப்பை வந்தது. நான் உற்சாகமாகி, குழாய் போகிற தெருவிலே பனி நிற்காது, ஊர்ப் பூனைகள் எல்லாம் அதன்மேலே வரிசையாகப் படுக்கும், அதனாலே எங்களுக்கு வரைபடமே தேவையில்லை, எங்கேயாவது குழாய் ஒழுகினால் அந்த இடத்திலே ஒரு தாய்ப் பூனை குட்டி போட்டிருக்கும் என்று என்னுடைய அனுபவத்தை விரித்தேன். கீர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனையைத் திறந்தார்.

"முதலிலை எங்கை கையெழுத்து எண்டு காட்டும். பிறகு ஆறுதலாய்ப் பொய் சொல்லும்."

காற்று அடிக்கட்டும்

மூன்றாவது வீட்டிலே தமிழ்ப் பாட்டு கேட்டது. கோயம்புத்தூர்ப் பிள்ளை, கார்த்திக் என்று பெயர், கணினி வேலை. வெப்பப் பம்பு பூட்டியிருக்கிறார். இங்கே மின்சார விலை மணிக்கு மணி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றாலைகள் நன்றாகச் சுற்றினால் விலை விழும். கார்த்திக் அதைக் கைபேசியிலே பார்த்து, மலிவான மணியிலே வீட்டைச் சூடாக்கி, விலை ஏறினதும் நிறுத்திவிடுவார். கார், உடுப்புத் துவைக்கிற மெசின், சோற்றுப் பானை எல்லாம் அந்தக் கைபேசி சொன்னபடிதான் ஓடும். பலமாகக் காற்று அடித்த ஒரு கிழமை அந்த வீட்டுக்குள்ளே வாழை குலை போட்டதை என் கண்ணாலே கண்டேன்.

அவருடைய கணக்கைப் பார்த்தேன், பாருங்கள், அப்படி ஒரு சுத்தமான வேலை! ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். என்னுடைய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "தம்பி, உங்களுக்குக் குழாய் நட்டம், கையெழுத்துப் போடாதையுங்கோ" என்று சொன்னேன். அவருக்குப் பெரிய சந்தோசம். கேசரி கொண்டுவந்த மனைவி ரம்யாவுக்குத்தான் முகத்திலே சந்தோசம் காணவில்லை.

"அங்கிள், ஊர்லேர்ந்து மாமியார் ஃபோன் பண்ணி சாப்பிட்டியாம்மான்னு கேக்குறாங்க. இன்னும் காத்து அடிக்கல அத்தேன்னு சொல்றேன்."

முதுகுக்கு என்ன விலை?

அடுத்த தெருவிலே எங்கடை ஆட்கள். ரத்தினம் தொழிற்சாலையிலே வேலை, ராணி முதியோர் இல்லத்திலே. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கிற அடுப்பு அவர்களுக்கு. அந்தக் குச்சி மூட்டைகள் எங்கே மலிவு விலை போட்டாலும் ரத்தினம் அங்கே நிற்பார். கார் நிறுத்த என்று கட்டின கொட்டகை முழுக்க மூட்டை. கார் வெளியே பனிக்குள்ளே விறைத்துப்போய் நிற்கும். நான் மூட்டை விலையை எழுதினேன், ரத்தினம் தோளை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியளே அண்ணை, உங்கடை குழாயாலை இந்த விலைக்குத் தர ஏலுமே?" என்றார். ஏலாதுதான். நான் எழும்பிக் கோட்டை எடுத்துவிட்டேன்.

ராணி விடவில்லை. "இருங்கோ அண்ணை, இவர் பாதிதான் சொன்னவர்" என்றார். பிறகுதான் மற்றப் பாதி தெரியவந்தது. இரவு வேலை முடிந்து ராணி காலையிலே வருகிறபோது வீடு சூடாய் இருக்கவேண்டும் என்று, மனிதர் தான் வேலைக்குப் போகமுதல் எழும்பி, மூட்டையைத் தோளிலே தூக்கி வந்து அடுப்பை நிரப்பி, சாம்பலை அள்ளிவிட்டுத்தான் போவாராம். இத்தனை வருசத்திலே ஒரு நாளும் குளிரான வீட்டுக்கு ராணி வந்ததில்லை. இதை ஏன் முதலிலே சொல்லவில்லை என்று பார்த்தால், ரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், களவு பிடிபட்ட ஆள் மாதிரி. ராணி என்னுடைய பேனையை வாங்கி, புருஷனின் கையிலே வைத்தார்.

"இவரின்ரை முதுகுக்கு நான் பூசுற எண்ணெயின்ரை விலையையும் போட்டுப் பாருங்கோ அண்ணை. அந்தக் காசிலை ஒரு அரண்மனையைச் சூடாக்கலாம்."

விலையில்லாத மரம்

கீர்ஸ்டன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஸ்வென்னுக்குச் சொந்தமாக ஒரு சின்னக் காடு. விழுந்த மரத்தைத் தானே அறுத்து, பிளந்து, சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்கை நீங்கள் பார்க்கவேண்டும், நூல் பிடித்த மாதிரி. நான் தாளை எடுத்தேன். மரம் அவருடையது, கோடாலி அவருடையது, கையும் அவருடையது. செலவு என்ற இடத்திலே ஒன்றுமில்லை என்று எழுதினேன். வேறு வழியில்லாமல் பூனைக் கதையை எடுத்துவிட்டேன். ஸ்வென் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அது அந்தக் காலக் குழாய். இப்பத்தையக் குழாயைச் சுத்திச் சூடு வெளியிலை போகாத மாதிரிப் போர்த்திருக்கு. அது பூனைக்கும் தெரியும்."

என்னுடைய வீடு

எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்து எவ்வளவோ காலம். சூட்டை எவ்வளவிலே வைப்பது என்பதிலே மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை. நான் கொஞ்சம் குறைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கொஞ்சம் கூட்டிவிட்டுச் சாமியறைக்குப் போவார். அன்றைக்குச் சாப்பிடும்போது, இன்னும் ஒரு சில வீடுதான் தேவை, கிடைக்குமோ தெரியாது என்றேன். கீர்ஸ்டனைப் பற்றியும் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் சூடு விக்கிறியள், இஞ்சை என்ரை கால் விறைக்குது. அது கிடக்கட்டும். நாளைக்கு வெள்ளெனப் போங்கோ, அந்த மனிசி வீட்டை விடக்கூடாது."

கேக்கின் கடைசித் துண்டு

வெள்ளெனப் போனேன். அடுத்த நாளும் போனேன். கையெழுத்து வாங்கக் கூட்டுறவுக்காரர் தந்த கெடு முடிகிறதுக்கு முதல்நாள் ஊர் மண்டபத்திலே கூட்டம். எல்லோரும் வந்து, தாங்களே உட்காரக் கதிரை அடுக்கி, கோப்பி ஊற்றி, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருந்தார்கள். எங்கடை தமிழ்ச் சங்கக் கூட்டங்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. கையெழுத்துகளை எண்ணினார்கள். ஒரு வீடு குறைந்தது. சேராத வீடுகளில் கார்த்திக்கைப் போலப் பம்பு பூட்டினவர்கள்தான் மிச்சம். அவர்களிடம் கேட்க முடியாது. இன்னும் கேட்கக்கூடிய வீடு ஸ்வென் வீடு ஒன்றுதான். எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு மலிவாய்ச் சூடு இருக்கிறது. அவருடைய காசு, அவருடைய வீடு. இந்த நாட்டு மரியாதை அது. சில வேளை எனக்கு எரிச்சல் வரும், அன்றைக்கு வணங்கத்தான் தோன்றியது.

மேசையிலே கேக்கின் கடைசித் துண்டு கிடந்தது. கடைசித் துண்டை இங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவர் வந்து அதிலே பாதியை வெட்டி எடுத்தார். இன்னொருவர் மிச்சப் பாதியிலே பாதி. கடைசியிலே தபால்தலை அளவுக்கு வந்துவிட்டது. கீர்ஸ்டன் கோப்பைகளை எல்லாம் கழுவி முடித்துவிட்டு வந்து, அந்தத் தபால்தலையைக் கடதாசியிலே சுற்றி, ஸ்வென்னின் கோட்டுப் பைக்குள்ளே வைத்தார்.

"நாளைக்கு மூண்டு மணிக் கோப்பிக்கு நான் கேக் ஒண்டும் சுடமாட்டன். சாமான் கட்டத் தொடங்கவேணும். இதைக் கொண்டுவாரும்."

விட்டுப்போன செலவு

மறுநாள் காலமை ஸ்வென் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தாளையும் கொண்டுவரச் சொன்னார். போனேன். வீட்டுக்குள்ளே கோட்டும் தொப்பியும் போட்டபடி இருந்தார். அடுப்பு ஆறிக் கிடந்தது. ஏன் எரிக்கவில்லை என்று கேட்டேன். பகலிலே எரிப்பதில்லையாம். காலமை வெளியிலே மர வேலை, மூன்று மணிக்குக் கீர்ஸ்டன் வீட்டுக் குசினி, பொழுதுபட்டுத் திரும்பி வந்துதான் நெருப்பாம். அவர் அந்தத் தாளை மேசையிலே நீவி விரித்து, ஒன்றுமில்லை என்று நான் எழுதின இடத்திலே தடித்த விரலை வைத்தார்.

"இது பிழை. அவள் விபோர்க்குக்குப் போனால் நான் நாள் முழுக்க இஞ்சை இருக்கவேணும். அதுக்கு என்ரை காடு போதாது."

கையெழுத்துப் போட்டார். பெரிய எழுத்து, மரம் அடுக்கின மாதிரி நேர் எழுத்து. நான் வாயைத் திறக்கமுதல் விரலை உயர்த்தினார்.

"அவளிட்டை, ஸ்வென்னுக்குக் குழாய்தான் மலிவாம் எண்டு சொல்லும். பொய் உமக்குப் பழக்கம்தானே."

ஓம், பழக்கம்தான். ஆனால் இப்படி ஒரு பொய்யை என்னை நம்பி ஒருவரும் தந்ததில்லை. பத்திரமாகக் கொண்டுபோனேன். கீர்ஸ்டன் குசினியிலே கோப்பைகளைப் பத்திரிகைத் தாளிலே சுற்றிப் பெட்டியிலே அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கையெழுத்தைக் காட்டி, இரண்டு பேரும் இருந்து கணக்குப் பார்த்தோம், காடு இருந்தாலும் ஸ்வென்னுக்குக் குழாய்தான் மலிவு என்று, கண் இமைக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். யன்னலாலே பக்கத்து வீட்டுச் சுவரோரம் கூரைவரைக்கும் அடுக்கியிருந்த மரத்தைப் பார்த்தார். பெட்டிக்குள்ளே கையை விட்டு, ஒரு கோப்பையை எடுத்து, தாளை உரித்து, மேசையிலே தன்னுடைய கோப்பைக்கு எதிரே வைத்தார்.

"உம்மடை பூனைக் கதை இதைவிட நல்லாயிருந்தது."

எந்தச் சூடு மலிவு என்று இன்னும் என்னை மறிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, புதுக் குழாய்க்கு மேலே பனி உருகாது என்று ஸ்வென் சொன்னது சரிதான் என்றாலும், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவிலே மட்டும் ஒரு ஆள் அகலத்துக்குப் பனி நிற்பதே இல்லை, அதை எந்தக் கணக்கிலே எழுதுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை என்பதுதான்.