ஒரு கதையின் கடைசிப் பக்கத்துக்காக அரியலூர் வரை

2004இல் ஒரு புதன்கிழமை காலை ஏழு மணி. லப்பைக்குடிக்காட்டில் என் துணிக்கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். சரக்கு எடுக்க அல்ல, ஒரு சிறுகதையின் கடைசிப் பக்கத்தைத் தேடி. காரணத்தைக் கேட்டதும் மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தம்பி ரஹீம் ஷார்ஜாவுக்குப் போய் நான்கு வருஷம். சேர்ந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கிடைத்த வேலையைப் பார்க்கிறான். ஊருக்கு வாடா என்றால், "வெறுங்கையோட எப்படிண்ணே வர்றது?" என்பான். அவன் அறைக்கு யாரோ கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தில் சுற்றியிருந்த தாளில் ஒரு சிறுகதை. வெளிநாட்டில் நொடித்துப்போன ஒருவன், பெட்டிகூட இல்லாமல் சொந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போவதா திரும்பிவிடுவதா என்று நிற்கிறான். அதற்கு மேல் தாள் இல்லை. முந்தின வெள்ளிக்கிழமை போனில், எந்த வார இதழ், என்ன தேதி என்று படித்துச் சொல்லிவிட்டு, "அவன் வூட்டுக்குப் போனானான்னு மட்டும் பாத்துச் சொல்லுண்ணே" என்றான். அவன் யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா?

எட்டரைக்குப் பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் பத்தாம் வகுப்பு நோட்ஸ், ராசிபலன், கோலம், சமையல். அந்த வார இதழின் புதுசு தொங்கியது, பழசு இல்லை. சரி, நல்ல சிறுகதைத் தொகுப்பு ஏதாவது கொடுங்கள், தம்பிக்கு அனுப்பலாம் என்றேன்.

"கதைப் புஸ்தகமா பாய்? அதுக்கெல்லாம் திருச்சிக்குத்தான் போவணும்."

மாவட்டத் தலைநகரம் இது. கலெக்டர் உண்டு, எஸ்.பி. உண்டு. ஒரு கதைப் புத்தகம் வாங்க அறுபது கிலோமீட்டர் போக வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அந்த இதழ் இன்டர்நெட்டில் வருகிறதே என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மணிக்கு முப்பது ரூபாய். பக்கம் திறந்தது. தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த கட்டங்களுமாகக் கொட்டிக் கிடந்தன.

"அவங்க ஃபான்ட்ட இறக்குனாத்தான் பாய் படிக்க முடியும்" என்றார் சென்டர்காரர்.

"இறக்குங்க."

"வைரஸ் வந்துடும். எதையும் இறக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கேன், பாக்கலையா?"

பத்திரிகைக்குப் பத்திரிகை தனி எழுத்தாம். தமிழனுக்குத் தமிழைக் காட்டுவதற்குள் எத்தனை பூட்டு! என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவரே ஒரு வழி சொன்னார். அரியலூர் ஸ்டேஷன் பக்கம் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் அம்மா ஒருவர் பழைய வார இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறாராம்.

முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். பன்னிரண்டு மணிக்கு அரியலூரில் இறங்கியபோது சட்டையில் வெள்ளைப் புழுதி படிந்திருந்தது.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். "முழு புக்கு வச்சுக்கிறதில்ல பாய். தொடர்கதையை மட்டும் கிழிச்சு பைண்டு பண்ணிடுவேன்" என்றார். எனக்கு ஒன்று நினைவு வந்தது. அந்த இதழில் சிறுகதை முடியும் தாளின் பின்பக்கத்தில்தான் தொடர்கதை தொடங்கும். அந்த வருஷத்து பைண்டைக் கேட்டு வாங்கி, தேதி பார்த்துப் புரட்டினேன். பக்கம் இருந்தது. அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாகப் பெருக்கல் குறி. முன்னும் பின்னும் புரட்டினேன். எல்லா வாரமும் அப்படியே. எத்தனை கதைகளின் முடிவை இந்தக் கை அடித்திருக்கிறது!

"எதுக்கும்மா இப்படி?"

"நடுவுல வேற கதை வந்தா படிக்கிறவங்க கொழம்பிப் போயி என்னைத் திட்டுறாங்க பாய்."

"அதுவும் கதைதானேம்மா. ஒருத்தர் ஒக்காந்து எழுதுனது."

"இத்தன வருஷத்துல கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். முன்னாடியே வந்திருந்தா அடிச்சிருக்க மாட்டேன்."

சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கதையில் அவன் ஒரு டீ குடிக்கிறான். வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிப் போய்விடுகிறான்.

எழுதிய ஆள் மேலும் கோபம் வந்தது. திரும்பும் வழி முழுக்க ஒரே யோசனை. வீட்டுக்குப் போனான் என்று சொல்லிவிட்டால் என்ன? ரஹீம் எங்கே போய்ச் சரிபார்க்கப் போகிறான்? ஆனால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இத்தனை பேரை மனசுக்குள் திட்டிவிட்டு, நானும் ஒரு சிவப்புப் பேனாவை எடுப்பதா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போன் வந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"அவன் வந்து நின்னது வூட்டுல யாருக்கும் தெரியாதா?" என்றான்.

"தெரியாது. கதை அதோட முடிஞ்சிருச்சு."

"என்னண்ணே அநியாயம் இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாராவது வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்களா?" தம்பியின் குரலில் அத்தனை கோபத்தை நான் கேட்டதில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னான்: "நோன்புக்கு முன்னாடி வந்துடறேன், இன்ஷா அல்லாஹ். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வந்துடுண்ணே. நான் எறங்குறப்ப அங்க நிக்கணும்."