கோபால் பிள்ளை கேட்கச் சொன்ன மூச்சு

ஆபீஸ் வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். காவற்காரர் வந்து, "நம்ம பிள்ளை தவறிட்டாருங்க" என்றார். ஏற்றுமதிக் கம்பெனியில் என் பக்கத்து மேசையில் கணக்கெழுதும் கிராணி கோபால் பிள்ளை மாரடைப்பில் போய்விட்டார். மத்தியானத்துக்குள் எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் போன் செய்து, இரங்கல் மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன். நல்லதா இல்லையா என்பதை, அவரை அறிந்த நீங்கள் சொல்லுங்கள்.

பிள்ளை மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வழி. வீட்டில் மலாய்தான், தமிழில் சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும் தெரியும். மெர்டேக்காவுக்கு, மலாயா விடுதலைக்கு, முன்பு ஊர் திரும்பிய எங்கள் துரை, தன் ரிக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி வினைல் இசைத்தட்டுகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிதார் வைத்துப் பாடும் அமெரிக்க நாட்டுப்பாடல்கள், கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டுகள், குதித்தாடும் ராக் அண்ட் ரோல். மனுஷன் அதிலேயே விழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காஜா பேராங்கில் அவர் வீட்டுக்குப் போனால், போன வாரம் போட்ட தட்டையே மறுபடி போடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு பக்கம் முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால், "டெங்கார் டுலு, பாரு சாக்காப்" என்பார். முதலில் கேள், அப்புறம் பேசு. ஒரு கறுப்பினப் பெண்மணி பாடிய தட்டின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். கடைசிப் பாட்டின் கடைசி அடிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது லேசாகக் கேட்கும். அந்த இடத்தில் பிள்ளை விரலைத் தூக்குவார். பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், இந்த மூச்சு அவளுடையது என்று மலாயில் சொல்வார். பல மாதம் கழித்துத்தான் அது என் காதில் விழுந்தது.

விடுதலை வந்த வாரம் சங்க மண்டபத்தில் கலைநிகழ்ச்சி. அடிமைப்பட்டவர்களின் பிள்ளைகள் பாடியது இந்த வாரத்துக்குப் பொருத்தம் என்று நினைத்து, அதே தட்டை மூன்று சக்கர ட்ரைஷாவில் கொண்டுவந்தார். பாதிப் பாட்டில் செயலாளர் ஊசியைத் தூக்கினார்.

"தமிழே வராத ஆளு, நம்ம மேடையில இந்தக் கூச்சலா?" என்றார்.

முன்வரிசை சிரித்தது. உங்களில் சிலர் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். பிள்ளை தட்டில் கீறல் விழுந்ததா என்று மட்டும் பார்த்து, உறையில் போட்டுக்கொண்டார். அதன்பின் அந்த மண்டபப் படியை மிதிக்கவே இல்லை.

செட்டிகள் முன்னோருக்குப் படைப்பதைப் பார்ச்சு என்பார்கள். இறந்தவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டை வாழையிலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று வெளியே நிற்பார்கள். பிள்ளை மட்டும் தன் அம்மாவுக்குப் பிடித்த மலாய்ப் பாட்டையும் உள்ளே ஓடவிட்டு வருவார். போன பார்ச்சின்போது என் காதோடு மலாயில் சொன்னார்: "எனக்குச் சோறு குறைஞ்சாலும் பரவாயில்ல. அந்தப் பொம்பளையைப் பாட விடு."

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். மகன்கள் வீட்டைக் கழுவிச் சாமான்களை வெயிலில் வைத்திருந்தார்கள். கொல்லைப்புறத் தகரக் கூரையில் இசைத்தட்டுகள், சோப்புப் போட்டுக் கழுவி, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அத்தனையும் சுட்ட அப்பளமாக நெளிந்துவிட்டன.

"அப்பாவுக்குத் தூசின்னா ஆகாது, அங்கிள். அதான்" என்று மலாயில் சொன்னான் பெரியவன்.

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கினேன். அவன் கண் சிவந்திருந்தது. இருந்தாலும், அப்பாவை அவ்வளவு நேசித்த பிள்ளைகள், ஒருநாளாவது கூட உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடாதா?

இப்போது செயலாளர், சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு தட்டு கேட்கிறார். நெளிந்ததில் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதைப் போட்டுக் கேட்கப்போவதில்லை.

அந்தப் பெண்மணியின் தட்டு தப்பித்தது. கடைசி மாதம் பிள்ளையின் பிளேயர் ஊசி தேய்ந்துவிட்டதால், உஜோங் பாசிரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டார். அடுத்த ஞாயிறும் வருவேன் என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

வரும் பார்ச்சுக்கு அதையும் என் பிளேயரையும் எடுத்துக்கொண்டு போவேன். அவர் மகன்கள் இலையில் மீன் பிண்டாங் குழம்பு வைப்பார்கள். நான் ஊசியை வைப்பேன். கதவைச் சாத்திவிட்டு மகன்களோடு வெளியே நிற்பேன். பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்த மூச்சு வரும் இடத்தில் விரலைத் தூக்குவேன். தட்டைத் தவிர, அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.