விழுகிற ஸ்கேல்

தகர மூடி அடிக்கும் அந்தப் பட்டறையில் போர்மேன் வைத்ததுதான் சட்டம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத மனுஷன். குப்பை கூட்ட வந்து, பட்டறையையே கைக்குள் போட்டுக்கொண்டவர். சும்மா சொல்லக்கூடாது, எட்டு பிரஸ்ஸும் ஓடும்போது ஒன்று இருமினாலும் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

ஆள் எடுக்க அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டீல் ஸ்கேல். வந்தவனைக் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் விரித்து நீட்டச் சொல்லுவார். நடுவில் ஸ்கேலின் அடிமுனை வருகிறமாதிரி மேலே பிடித்துத் தொங்கவிட்டு, ஊர்க்கதை பேசுவார். பேச்சோடு பேச்சாக விட்டுவிடுவார். விரல் எந்த எண்ணில் கவ்வியதோ, அதுதான் அந்த ஆளின் தரம். பதினைந்துக்குள் என்றால் பிரஸ். தாண்டினால் பேக்கிங். ஸ்கேல் தரையில் விழுந்தால் கழிவுத் தகரம் அள்ளப் போக வேண்டியதுதான். இடிமாதிரி இறங்குகிற பிரஸ்ஸுக்குக் கீழே கை விடுகிறவனுக்குக் கண்ணைவிடக் கை முந்த வேண்டும் என்பது அவர் கட்சி.

கழிவு அள்ளுகிறவர்களில் ஒருவனை எல்லோரும் ஆமை என்பார்கள். எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். பேக்கிங்கில் இருந்த போர்மேனின் மகள் போயும் போயும் அவன்மேல் மனசு வைத்தாள். கட்டினால் அவனைத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டாள். போர்மேன் கத்தவில்லை. ஸ்கேலைப் பிடிக்கட்டும், கட்டிவைக்கிறேன் என்றார்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், பட்டறை மொத்தமும் சுற்றி நிற்க, ஆமையை நடுவில் நிறுத்தினார். ஸ்கேலைத் தொங்கவிட்டு, அவனுடைய அப்பாவின் குடியைப் பற்றி விசாரித்தார், அம்மாவின் மாறுகண்ணைப் பற்றி விசாரித்தார். அவன் முகம் சிவந்து வாய் திறந்த நேரம் பார்த்து ஸ்கேலை விட்டார். அது தரையில் போய்க் கணீரென்றது.

"இவன் பொண்டாட்டி கிணத்துல விழுந்தா, அடுத்த வருஷம்தான் கைய நீட்டுவான்" என்றார்.

பட்டறை சிரித்து ஓய்வதற்குள் இரண்டாம் பிரஸ்காரனைக் கூப்பிட்டார். அவன் பெயர் வெடுக்கு. விட்ட மாத்திரத்தில் கவ்வினான். எண் ஒன்பது. போர்மேன் மகள் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளையப் பாத்துக்கோ" என்றார். அவள் குனிந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து வெடுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். நல்ல பையன்தான், அவளிடம் குரல் உயர்த்தினதில்லை. மாமனாருக்கு அவன் கை ஒரு விளையாட்டுச் சாமான். சாப்பிடும்போது கரண்டியைத் தட்டிவிடுவார், டம்ளரை உருட்டிவிடுவார், குளித்துவிட்டு வருகிறவன்மேல் சோப்பை எறிவார். எது விழுந்தாலும் பறந்துபோய்ப் பிடிப்பான். வந்த விருந்தாளிக்கெல்லாம் இதுதான் வேடிக்கை. தூக்கத்தில் தலையணை நழுவினால்கூட அவன் கை தாவுகிறது, இனி போதும் என்று மகள் ஒரு தரம் சொன்னாள். அவர் அதற்கும் பெருமைப்பட்டார்.

ஒரு நாள் வெடுக்கு பெடலை மிதித்துவிட்டான். மிதித்தபின் பிரஸ் நிற்காது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு மூடி சறுக்கி அச்சுக்குள் விழுந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஒரு மூடி நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். வெடுக்கு மூடியைப் பிடித்துவிட்டான். பிடித்த கையை வெளியே எடுக்கத்தான் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போர்மேன் கட்டிலோரம் உட்கார்ந்து, உள்ளே எதற்குக் கை விட்டான், மூளை எங்கே போச்சு என்று புலம்பினார்.

"தப்பில்லாமதான் பிடிச்சாருப்பா" என்றாள் மகள். "நீங்க பழக்கினதுதான்."

போர்மேன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். போர்வைமேல் கிடந்த இடது கைக்கு மேலே பிடித்து நழுவவிட்டார். அவன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கை மட்டும் தானாகத் துள்ளிக் கவ்வியது.

"பன்னெண்டு" என்றார் போர்மேன், குரல் எழும்பி. "இடது கைக்கே பன்னெண்டு, பாத்தியாம்மா?"

மகள் எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் இரண்டாம் பிரஸ் காலியாக இருந்தது. கழுவியிருந்தார்கள். ஆமையை விட்டால் வேறு ஆளில்லை. போர்மேனுக்கு மகள் சொன்னது காதிலேயே நின்றது. அந்த இடத்தில் ஆமை இருந்திருந்தால் அந்த மூடியை நசுங்க விட்டிருப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்கேலைத் தூக்கித்தான் பிடித்தார்.

ஆமை விரலை விரித்து நின்றான். ஸ்கேல் விழுந்தது. அவன் பிடிக்க முயலவே இல்லை. குனிந்து பொறுக்கி, துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். போர்மேன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தும் இருந்தன.

"கழிவுக்குப் போடா" என்றார்.