மாட்டு நோய்ப் புத்தகத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்தது

இன்றைக்கு நூலகத்தில், கால்நடை வளர்ப்புப் புத்தக றாக்கைக்கு முன்னால் வைத்து என் மானம் போனது!

போனது ஊருக்குத் தெரியாது. எனக்கும் இன்னொருத்திக்கும் மட்டும்தான் தெரியும். அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நிர்வாக சேவைப் பரீட்சைக்கு நான் படிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். (தெரியாதவர்களுக்காக நானே நாலு தடவை ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறேன்.)

இந்தப் பரீட்சையில் ஒரு சங்கடம். பாடத்திட்டம் என்று அரசாங்கக் கெசற்றில் (வர்த்தமானியில்) போட்டிருப்பது ஒரு தாளுக்குச் சில வரிகள்தான். பொது அறிவு என்றால் எதைப் படிப்பது, எதை விடுவது? கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டினால்தான் பிடிபடும்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் (எது என்று கேட்காதீர்கள்) அந்த வினாத்தாள்களைச் சேர்த்துக் கட்டிய புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. உசாத்துணைப் பகுதி, வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

'இருந்தது' என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதை நான் ஒளித்துவிட்டேன்.

ஓம், நான்தான்!

மாட்டு நோய்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றுக்குப் பின்னால் செருகி வைத்தேன். வேலை முடிந்து பின்னேரங்களில் வந்து, எடுத்துப் படித்து, பென்சிலால் அதிலேயே குறித்து, திரும்பவும் அங்கேயே செருகிவிட்டுக் குருக்கள்மடத்து வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். பட்டினத்தில் யார் மாட்டு நோய் படிக்க வரப்போகிறார்கள் என்ற துணிவு!

போட்டோக்கொப்பி எடுத்துவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். கேள்வி சரி. எனக்குக் கிடைத்தது மட்டும் போதவில்லை, மற்றவர்களுக்குக் கிடைக்கவும் கூடாது. அதுதான் உண்மை.

அந்த மற்றவர்களில் ஒருத்தி சுதர்சினி. கரடியனாற்றுக் கிராமத்துப் பிள்ளை. சனிக்கிழமைகளில் விடியப் பஸ்ஸில் வந்து என் மேசையில் எதிர்க் கதிரையில் இருப்பாள். அவளும் அதே பரீட்சைக்குத்தான் படிக்கிறாள். வந்தவுடன் நூலகர் அக்காவிடம் ஒரே கேள்வி.

"அக்கா, அந்தப் பாஸ்ட் பேப்பர் புத்தகம் கிடைச்சிதா?"

"இல்ல மகள். ஆரோ கொண்டு போயிற்றாங்க போல இரிக்கி."

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை பெரிய மேதாவி போல அவளுக்கு ஒரு யோசனை வேறு சொன்னேன்.

"பொது அறிவ விட்டுத்தள்ளுங்க தங்கச்சி. நுண்ணறிவுத் தாளில அள்ளினா மொத்தப் புள்ளியில சரிக்கட்டலாம்."

அவள் பதறிப்போனாள்.

"ஐயோ இல்லண்ணா! மொத்தம் மட்டும் பாக்கிறல்ல. ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியா ஆகக் குறைஞ்ச புள்ளி ஒண்டு இரிக்கி. ஒண்டுல அது வராட்டி மத்ததுல எவ்வளவு எடுத்தும் வேலயில்ல. கெசற்ற முழுக்க வாசிக்கலயா?"

வாசிக்கவில்லை! வயதெல்லையையும் முடிவுத் திகதியையும் பார்த்துவிட்டு மூடி வைத்த ஆள் நான்.

ஒரு மணித்தியாலம் கெசற்றை விரித்து வைத்து விளங்கப்படுத்தினாள். எந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம், எதில் விடையைத் தெரிவு செய்ய வேண்டும், எதில் எழுத வேண்டும், நேர்முகப் பரீட்சைக்கு எப்படி எடுக்கிறார்கள், எல்லாம். நான் கொப்பியில் குறித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் 'முக்கியம்' என்று எழுதிச் சுற்றிவரப் பெட்டி போட்டேன்.

"என்னண்ணா, எல்லாத்துக்கும் பெட்டியா?" என்று சிரித்தாள்.

பிறகு கெசற்றை மடித்தபடி சொன்னாள்: "எனக்கு இந்த முறையோட வயசு முடியிதுண்ணா. இதுதான் கடைசி. அந்தப் புத்தகம் மட்டும் கிடைச்சா ஒரு பிடி பிடிச்சிருவன்."

பத்தடி தூரத்தில் றாக்கை. நான் எழும்பவில்லை.

வாரம் முழுக்க அது உறுத்தியது. இன்றைக்கு நேரத்தோடு போய், அவள் வருவதற்குள் புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக! (நம்பமாட்டீர்கள். நானே பாதிதான் நம்புகிறேன்.)

போனால், அந்த றாக்கைக்கு முன்னால் சுதர்சினி நிற்கிறாள்! ஒரு கையில் மாட்டு நோய்ப் புத்தகம். மற்றக் கையில் அது.

"அப்பாட பசு ஒண்டு ரெண்டு நாளாத் தீன் தின்னுதில்ல. என்ன வருத்தமெண்டு பாப்பம் எண்டு இத இழுத்தன். பின்னால இது இரிக்கண்ணா!"

கரடியனாற்றில் மாடு வளர்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அறிவு எங்கே போனது?

நூலகர் அக்காவுக்கும் சந்தோஷம், போட்டோக்கொப்பி எடுக்க உடனே விட்டார். சுதர்சினி போய் வந்து என் முன்னால் ஒரு கட்டுத் தாள்களை வைத்தாள்.

"இது உங்களுக்கு. ரெண்டு செட் அடிச்சன்."

பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. 'முக்கியம்', பெட்டி. 'முக்கியம்', பெட்டி.

"ஆரோ நல்லாப் படிச்ச ஆள் போலண்ணா," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோடு கீறி, பெட்டியெல்லாம் போட்டு வச்சிரிக்கார். நமக்கும் லேசு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஓம் போல."

அவ்வளவுதான்! நாளைக்கு ஒரு பிரதேசத்தையே நிர்வகிக்கப் போகிறேன் என்று திரிகிறவனின் வாயில் வந்தது அது மட்டும்தான்.

அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை. எதிர்க் கதிரையில் இருந்து படிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஒரு வரி ஓடவில்லை.

சுதர்சினி, நீங்கள் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். அந்தப் பெட்டிகளைப் போட்டது நான். புத்தகத்தை ஒளித்ததும் நான். உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நூலகர் அக்காவிடம் திங்கட்கிழமை நானே போய்ச் சொல்கிறேன். உங்களிடம் நேரே கேட்க வேண்டிய மன்னிப்பை இங்கே எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன்.

இன்னொன்று. பசுவைப் பற்றி நீங்கள் சொன்னபோது என் கண் உங்கள் மற்றக் கையிலேயே நின்றது. ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

பசு இப்போது தீன் தின்கிறதா, தங்கச்சி?