ஐந்தில் ஒரு சீட்டு

சீட்டறை வேலைக்காரனுக்குச் சம்பளம் நிற்பதற்குத்தான்; பார்த்துக் கற்றுக்கொண்டதற்கு அவன் கையிலிருந்துதான் போகும். இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கிளப் ஒன்றில் பத்து வருஷம் நின்றேன். அப்படி நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தீக்குச்சிகள்

போக்கரில் ஐந்து சீட்டும் ஒரே இனமாக, எல்லாம் சிவப்பு ஆட்டின் என்பதுபோல, அமைந்தால் அநேகமாக வெற்றி. நான்கு சேர்ந்திருந்தால், பணம் கட்டி, மீதி ஒன்றை எறிந்து வேறொன்று வாங்கலாம். வேண்டியது வருவது ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒன்று. ஒரு ஞாயிறு மத்தியானம் பெரிய துரை, புதிதாக வந்த சின்னத் துரைக்கு இதைத் தீக்குச்சி அடுக்கிக் காட்டினார். நடுவில் ஐம்பது ரூபாய் கிடக்கிறது, நீ கட்டவேண்டியது பத்து என்றால், நாலு தரம் தோற்று நாற்பது போகும், ஒரு தரம் ஜெயித்து ஐம்பது வரும், ஆகவே கட்டு. நடுவில் முப்பதுதான் என்றால் சீட்டைக் கவிழ்த்துவிடு. ஏற்கெனவே போட்டது உன் பணமல்ல, அதை மற.

கிளப்பில் நின்றே இங்கிலீஷ் பழகியவன் நான். சாம்பல் தட்டை எடுக்க வந்து, எடுக்காமல் நின்றேன். துரை திரும்பித் தோட்டத் தமிழில் சொன்னார்: "என்னா பாக்கிறது? இது உன் கணக்கு இல்லே, போ."

துரை தோற்ற நாள்

அதே துரை ஒருநாள் கணக்குப்படியே கட்டினார், சீட்டு வரவில்லை. மறுபடி கட்டினார், வரவில்லை. என் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு அவர் பணம் ஒரு மணி நேரத்தில் போயிற்று. அவர் சுருட்டைப் பற்றவைத்துச் சிரித்தார்: "அடுத்த ஞாயிறு வருவேன், அதுக்கு அடுத்த ஞாயிறும் வருவேன். எனக்கு என்னா அவசரம்?"

அந்தோணிக்குப் பாடம்

கிளப்பில் சாராயம் ஊற்றுபவன் அந்தோணி. என்னைவிட இளையவன், என் கூட்டாளி. நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை எடுக்க இருவரும் பணம் சேர்த்தோம். ஆளுக்கு அறுபது ரூபாய், நான்கு வருஷம் ஆயிற்று. அந்தக் கடை கிடைத்தால் இனி யாருக்கும் பின்னால் நிற்கத் தேவையில்லை. அவனுக்கும் தீக்குச்சி அடுக்கிக் காட்டினேன். கிளாஸ் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அஞ்சுல ஒண்ணு வரும்ங்கிறீங்க. வராத நாலுக்கும் நம்ம வீட்டுல யாருண்ணே உலை வைக்கிறது?"

கண்டியில் ஒரு மத்தியானம்

இருவர் பணத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்கு முற்பணம் கொடுக்க நான்தான் போனேன். அவனுக்கு லீவு இல்லை. நாவலப்பிட்டி ரயிலுக்கு நேரம் இருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. கண்டியில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் முதலாளிமார் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். என் அறுபதும் நடுவில் போனபோது கையில் நான்கு ஆட்டின். நடுவில் முந்நூறு, நான் கட்டவேண்டியது அறுபது. ஒன்றுக்கு ஐந்து. கணக்கு எனக்கு வழிதான் காட்டியதா, அல்லது நான் கேட்ட அனுமதியைக் கொடுத்ததா என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அந்தோணியின் அறுபதை வைத்தேன். வந்தது ஒரு கறுப்பு ஏழு.

மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தினேனா? ஒரு காகிதத்தில் முந்நூறையும் அறுபதையும் எழுதி, நான் கட்டியது சரிதான் என்று காட்டினேன். அவன் கடைசி வரி வரை பொறுமையாகப் பார்த்தான். காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். "கணக்கு சரிதாண்ணே. பணம் யாருது?"

அதன் பிறகும் ஆறு வருஷம் அந்தோணியும் நானும் ஒரே கூரையின் கீழ் நின்று வேலை பார்த்தோம். அந்தக் கணக்கை நான் இன்றும் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வருகிறது.