மிச்சத்தில் கட்டிய சர்வர்

அந்தத் திரையில் தெரிந்த தேதிப்படி பார்த்தால், என் அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கவே இல்லை. அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணி என் பக்கத்து நாற்காலியில்தான், முகமெல்லாம் வியர்த்து, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. லேபின் தலைமைக் கணினியான சர்வர், ஒரு மாணவரையும் உள்ளே விட மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் அண்ணி கணினி லேபுக்குப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கும்வரை அண்ணி, இறங்கியதும் மேடம். வீட்டில் நான் நாத்தனார் அதிகாரத்தைக் காட்டினால், லேபில் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். எதையும் வீணாக்கப் பொறுக்காத ஆள். மீந்த இட்லி உப்புமாவாகும், மீந்த சோறு வடாமாகும். லேபிலும் அதே சமையல்தான். எங்கள் சர்வரின் இயங்குதளத்தை நாங்கள் கடையில் வாங்கவில்லை. அதன் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, நாங்களே கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவமாகக் கட்டி, போட்டுக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் பாதி வெந்த பண்டம் மாதிரி ஏகப்பட்ட இடைக்கோப்புகள் மிஞ்சும். அவற்றை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் அரை நாள் போய்விடும். அழிக்காமல் விட்டால், கணினி மூல நிரலின் தேதியையும் இடைக்கோப்பின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறிய பகுதியை மட்டும் புதிதாகக் கட்டிக்கொள்ளும். "கட்டின சுவத்த இடிச்சுட்டு யாராவது மாடி எடுப்பாங்களா?" என்பார் அண்ணி. எங்கள் பக்கம் கரண்ட் இருந்த லட்சணத்துக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அது ஐப்பசி மழைக்காலம். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. தேர்வுக்குத் தேவையான புதிய பதிப்பின் மூல நிரலை இறக்கிக் கம்பைலை ஓடவிட்டோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. "பாத்தியா, மிச்சத்தோட அருமைய!" என்று அண்ணி பெருமைப்பட்டுக்கொண்டார். நிறுவிவிட்டு மறுபடி இயக்கினால் மாணவர்களின் பயனர் கணக்கு ஒன்றையும் ஏற்கவில்லை. எங்கள் நிர்வாகக் கணக்கை மட்டும் வேண்டாவெறுப்பாக உள்ளே விட்டது.

கல்லூரி முதல்வர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "வெளி ஆள் வேணாம், நாங்களே பாத்துக்குறோம்னு நீங்கதான் வாதாடினீங்க மேடம். பரீட்சை நடக்கலேன்னா லேப வேற ஒருத்தர்கிட்ட குடுத்துருவேன்." லேப் போனால் அண்ணி வேலையையே விட்டுவிடுவார். வீட்டிலும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். எதற்கு இந்த அலைச்சல், பேசாமல் வீட்டில் இருந்தால் என்ன என்று என் அம்மா வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தேதி என் கண்ணில் பட்டது. கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் கணினி பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பழைய தேதியில் இறங்கியதால், புத்தம்புது மூல நிரல் அதன் கண்ணுக்குக் கிழடாகத் தெரிந்தது. மிஞ்சிக் கிடந்த இடைக்கோப்புகளோ இளசாகத் தெரிந்தன. அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த கொஞ்சத்தை மட்டும் கட்டிப் பழசோடு ஒட்டவைத்துவிட்டது. புதுசும் பழசும் ஒத்துப்போகாமல்தான் மாணவர் கணக்குகள் திறக்கவில்லை.

"அண்ணி, இந்தத் தேதியில நீங்க எங்க வீட்டுக்கே வரல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தவருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தேதியைச் சரிசெய்து, மூல நிரலைத் திரும்ப இறக்கி, மிச்சம் மீதி அத்தனையையும் அழித்தார். உப்புமாவைக்கூடக் கொட்ட மனம் வராத கை அது. பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். பாதி ஓடியிருக்கும், மறுபடி கரண்ட் போயிற்று. எங்கள் யு.பி.எஸ். எப்போதோ கண்ணை மூடியிருந்தது. ஜெனரேட்டர் ஆபீஸுக்கு மட்டும்தான்.

அண்ணி எழுந்து நேராக முதல்வர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், மிச்சத்த வெச்சு ஒப்பேத்தப் பாத்தேன், தப்பாப் போச்சு. முதல்லேருந்து செய்யணும். சாயங்காலம் வரைக்கும் ஜெனரேட்டர் லைன லேபுக்கு மாத்திக் குடுங்க."

முதல்வர் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு பக்கமும் இழுக்காதும்மா அது."

"தெரியும் சார்."

முதல்வர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனை மாற்றச் சொன்னார். நாங்கள் லேபுக்குத் திரும்பியதும், மறுபடி பின்னால் போயிருந்த தேதியைச் சரிசெய்து, பாதி கட்டியதையும் அண்ணி அழித்தார். சற்று நேரத்தில் முதல்வரே லேபுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து, "இது நகருதா, நிக்குதா?" என்று அடிக்கடி கேட்டார். "நகருது சார்" என்று அண்ணியும் சளைக்காமல் சொன்னார். வெளியே நட்டு முடித்த சம்பா வயலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிட்டது. மறுபடி இயக்கி, ஒரு மாணவரின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். திறந்தது. இன்னொன்று போட்டோம், அதுவும் திறந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப என் ரூமுக்கு ஃபேன் வருமா?" என்றபடி முதல்வர் எழுந்து போனார்.

இன்று நான் வேலை பார்க்கும் சென்னை அலுவலகத்தில் மிச்சக் கோப்புகளைப்பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாம் தானாகவே துடைக்கப்பட்டு, காபி ஆறுவதற்குள் முதலிலிருந்து கட்டி முடிந்துவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அன்று விட்டது போன்ற நிம்மதிப் பெருமூச்சு இங்கே ஒரு நாளும் வந்ததில்லை.

அன்று நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்த எங்களுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தபடி அம்மா கேட்டார்: "இந்த மழையில நாளைக்கும் போவணுமா?"

"போவணும் அத்தை" என்றார் அண்ணி. "நாளைக்கு என் லேப்ல பரீட்சை."