படிக்கட்டில் நின்ற அலுமினியம்

மூன்று பள்ளிகள் கைவிரித்த பிறகு, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் டெமோ வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். பதினோராம் வகுப்பு, வேதியியல். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அத்தையின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். எனக்கோ கோழி வாசனையே ஆகாது.

கடைசி பெஞ்சில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். முன்பு போர்வெல் லாரிகள் ஓட்டியவர். வேதியியல் தெரியாது, ஆனால் ஆளை எடைபோடத் தெரியும். நான் மிடுக்காகத் தொடங்கினேன். தனிம அட்டவணையில் இடமிருந்து வலம் போகப்போக, அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க அதிக ஆற்றல் வேண்டும். ஆகவே மெக்னீசியத்தைவிட அலுமினியத்துக்கு அதிகம் என்று சொல்லி, பலகையிலும் எழுதிவிட்டேன்.

"இல்லீங்க மிஸ்!" என்று வகுப்பே கத்தியது. "மெக்னீசியம் எழுநூத்தி முப்பத்தெட்டு, அலுமினியம் ஐநூத்தி எழுபத்தெட்டு!"

அந்தப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அட்டவணையை ஒப்பிப்பார்கள் போலிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் தப்பை ஒப்புக்கொண்டதாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது. சமாளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, "நான் எழுதினது தப்புதான்" என்று அழித்துவிட்டு, "சரி, ஏன் அப்படி?" என்று கேட்டேன். எண் எல்லோருக்கும் தெரியும், காரணம் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டின் எலக்ட்ரான் அமைப்பையும் எழுதினேன். மெக்னீசியத்தின் கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் 3s என்ற துணைக்கூட்டில் ஜோடியாக நிறைந்திருக்கின்றன. அலுமினியத்துக்கு அதற்கும் மேலே 3p-இல் ஒன்று தனியாக இருக்கிறது. அணுக்கருவின் பிடி அதன்மேல் குறைவு.

"அது பஸ் படிக்கட்டுல தொங்கிட்டு வருதுங்க மிஸ்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் விடவில்லை. "அதை எறக்கிட்டா அலுமினியத்துல மிச்சம் நிறைஞ்ச ஜோடிங்க. மெக்னீசியத்துல ஒண்ணை எடுத்தா ஒத்தைதான் நிக்கும். அப்ப ரெண்டாவதை எடுக்க அலுமினியத்துக்குத்தான் அதிகம் வேணுமுங்களா?"

அது யாரும் மனப்பாடம் செய்யாத எண். புத்தகத்தைப் புரட்டினார்கள். அவள் சொன்னதே சரி. எனக்கு வந்த சந்தோஷத்தில் வேலை விஷயமே மறந்துபோயிற்று. அப்படியென்றால் மூன்றாவது, சோடியத்தில் இரண்டாவது என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

தாளாளர் எழுந்து பலகைக்கு அருகே வந்தார்.

"நீங்க தப்பா எழுதுனது எனக்குத் தெரியலீங்க. புள்ளைங்க சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றார். "ஆனா சாயங்காலச் சுண்டலுக்கு மணி அடிச்சுப் பத்து நிமிசமாச்சுங்க. ஒருத்தரும் எந்திரிக்கல. திங்கக்கெழமை வந்துருங்க."